மூளையில் நீர்க்கட்டி: அளவைவிட இடம்தான் முக்கியம்

தலைவலிக்காகவோ, கீழே விழுந்து அடிபட்டதற்காகவோ தலையில் ஸ்கேன் எடுக்கிறோம். ரிப்போர்ட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி இருக்கிறது: ‘இடது டெம்போரல் பகுதியில் அரக்னாய்டு சிஸ்ட்’. அதாவது, மூளையின் இடது காதோரப் பகுதியில் ஒரு நீர்க்கட்டி. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. மூளையில் ஏதோ இருக்கிறது என்றாலே மனம் நேராகப் புற்றுநோய்க்குத்தான் போகும்.

பெரும்பாலும் அந்தப் பயத்துக்கு அவசியம் இல்லை. மூளையில் காணப்படும் சிஸ்ட்களில் பல வகைகளுக்குப் புற்றுநோயோடு சம்பந்தமே கிடையாது. பிறக்கும்போதே உடன் வந்து, கடைசி வரை ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிடுபவை அவற்றில் நிறைய. அதற்காக, ‘புற்றுநோய் இல்லை’ என்றால் ‘ஆபத்தே இல்லை’ என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு சிஸ்ட், கூடாத இடத்தில் இருந்தால், சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைத்துவிடும். இன்னொரு சிஸ்ட் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிடக்கும். அதைச் சுமப்பவர் படித்து, வேலைக்குப் போய், ஓடியாடி விளையாடிக்கொண்டு இருப்பார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு வரியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் தெரிந்துவிடும்.

மண்டைக்குள் இருக்கும் இடம்

சிஸ்ட் என்பது மெல்லிய சுவர் கொண்ட ஒரு பை. உள்ளே தெளிந்த நீர் இருக்கலாம், கொழகொழவென்ற பசை இருக்கலாம், உதிர்ந்த தோல் செல்களோ கொழுப்போ இருக்கலாம். நாம் ட்யூமர் என்று சொல்லிப் பயப்படும் கட்டியில் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும். இந்த சிஸ்ட்களில் அப்படி நடப்பதில்லை. உள்ளே திரவம் சேர்வதாலோ, சுவரிலிருந்து உதிர்வது சேர்ந்துகொண்டே போவதாலோதான் அவை பெரிதாகின்றன. அதனால் வளர்ச்சி பொதுவாக மிக மெதுவாக இருக்கும்.

அவற்றில் பெரும்பாலானவை கருவில் உருவாகின்றன. மூளையைச் சுற்றிய சவ்வு வளரும்போது இரண்டாகப் பிரிந்து நடுவில் நீர் தேங்கினால் ஒரு வகை. கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழாய் மூடிக்கொள்ளும் நேரத்தில் தோலாக வேண்டிய திசு கொஞ்சம் உள்ளே மாட்டிக்கொண்டால் இன்னொரு வகை. தாய் சாப்பிட்டதாலோ, செய்ததாலோ வந்தது கிடையாது. குழந்தைக்கு சிஸ்ட் இருக்கிறது என்று கேள்விப்படும் தாய்மார்கள் முதலில் தங்களையேதான் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குக் கொஞ்சம்கூட இடமில்லை.

சரி, இவை எப்படித் தொல்லை தருகின்றன? மண்டையோடு விரியாது. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றுதான் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். குறைய முடியாதபோது அழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்றோ 1783-லும், ஜார்ஜ் கெல்லி 1824-லும் சொன்ன இந்தக் கணக்கை இன்றும் அவர்கள் பெயரிலேயே மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். சிஸ்ட் என்பது இந்த மூன்றோடு நான்காவதாக வந்து சேர்ந்த ஒன்று. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்தால் மூளை விட்டுக்கொடுத்து வழிவிட்டுவிடும். குழந்தைப் பருவத்திலிருந்தே இருந்தால் மண்டையோடுகூட அதற்கேற்ப உருவாகிவிடும். பெரிய சிஸ்ட் சத்தமில்லாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

சிக்கல் வருவது தண்டுவட நீரின் பாதை அடைபடும்போது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் நீர் சுரக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 150 மில்லி லிட்டர்தான். அதாவது நாளொன்றுக்கு மூன்று தடவைக்கு மேல் முழுவதும் புதிதாகிறது. மூளைக்குள் இருக்கும் அறைகளில் சுரந்து, குறுகிய வழிகளில் இறங்கி, மூளைக்கு வெளியே வந்து, சிரை ரத்தத்தில் கலக்கிறது. வெளியேறும் வழி அடைபட்டாலும் சுரப்பது நிற்பதில்லை. அறைகள் வீங்கத் தொடங்கும். ஹைட்ரோகெஃபலஸ் என்கிறார்கள்.

நிமிர்ந்தால் தலைவலி போய்விடும்

அந்தக் குறுகிய வழிகளில் ஒன்றின் வாசலிலேயே உட்கார்வதுதான் கொலாய்டு சிஸ்ட். மூளையின் இரண்டு பக்கவாட்டு அறைகளிலிருந்தும் நீர் மூன்றாம் அறைக்கு இறங்கும் இடத்துக்கு மன்றோ துளை என்று பெயர். முன்னால் சொன்ன அதே மன்றோ. மூன்றாம் அறையின் கூரையில், அந்தத் துளையை ஒட்டி, பசை நிறைந்த உருண்டையாக இது இருக்கும். மூளைக் கட்டிகள் மொத்தத்தில் 100-க்கு ஒன்றிரண்டுகூட இருக்காது. வால்மன் என்பவர் 1858-ல் இதை முதலில் விவரித்தார். வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1921-ல் முதன்முதலாக வெற்றிகரமாக வெளியே எடுத்தார்.

இதன் தலைவலி மற்ற தலைவலிகளைப் போல இருக்காது. முப்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீழே கிடக்கும் செருப்பை எடுக்கக் குனிகிறார். நெற்றியில் திடீரென்று தாங்க முடியாத வலி. சில நொடிகளில் உச்சத்துக்குப் போகிறது. குமட்டுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தாலோ, படுத்தாலோ, சிறிது நேரத்தில் வலி வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. அடுத்த மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி. நடுவில் மருத்துவரைப் பார்க்கும்போது அவரிடம் எந்தக் குறையும் தெரியாது. ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதித் தருவார்கள். அந்த வயதில் ஒற்றைத் தலைவலிதான் மிக அதிகம் என்பதால் அதைத் தப்பென்றும் சொல்லிவிட முடியாது. வலி வரும்போது தலை எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு வேகமாக ஏறி எவ்வளவு வேகமாக இறங்கியது என்ற விவரம்தான் இந்த இடத்தில் வழி காட்டும். அதை நோயாளி தானாகச் சொன்னால்தான் உண்டு.

சிஸ்ட் ஒரு பந்து வால்வு மாதிரி வழியை அடைத்தும் திறந்தும் விளையாடுகிறது என்பது பழைய விளக்கம். இன்று அதைச் சிலர் ஏற்பதில்லை. பெரும்பாலான கொலாய்டு சிஸ்ட்கள் கூரையோடு இறுக ஒட்டியிருப்பதால் அவ்வளவு தூரம் ஆட முடியாது என்கிறார்கள். விளக்கம் எதுவானாலும், வழி அடிக்கடி அடைபடுகிறது என்பது மட்டும் உறுதி.

இன்னொரு வினோதமான அறிகுறி உண்டு. நடந்துகொண்டிருப்பவருக்குத் திடீரென்று கால் இரண்டும் விட்டுப்போய் அப்படியே விழுந்துவிடுவார். மயக்கம் இல்லை, வலிப்பு இல்லை, நினைவு முழுவதும் இருக்கிறது. எழுந்து நடந்துவிடுவார். இதயத்தில் கோளாறா, வலிப்பா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். காரணம் மூன்றாம் அறையில் இருக்கும். சிலருக்கு வேறொன்று நடக்கிறது: புதிய விஷயங்கள் நினைவில் நிற்க மறுக்கின்றன. சிஸ்டுக்குப் பக்கத்திலேயே செல்லும் ஃபோர்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றை நினைவைப் பதிய வைக்கும் பாதையின் ஒரு பகுதி. அது நசுங்கினால் இப்படி ஆகும். வயதானவர்களில் மறதி, தடுமாறும் நடை, சிறுநீரை அடக்க முடியாமை மூன்றும் சேர்ந்து வந்து, முதுமை மறதி நோய் என்று ஒதுக்கப்படுவதும் நடக்கிறது.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது திடீர் மரணம். வழி முழுவதும் அடைபட்டு, அழுத்தம் சில மணி நேரத்தில் எகிறி, மூளைத்தண்டு நசுங்கி இறந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனையில்தான் சிஸ்ட் இருந்ததே தெரிந்தது என்ற பதிவுகளும் உண்டு. இதை எழுதுவது யாரையும் பயமுறுத்த இல்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் சின்ன கொலாய்டு சிஸ்ட்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். ஆனால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதாக இருந்தாலோ, மூளை அறைகள் வீங்கத் தொடங்கியிருந்தாலோ, தலைவலியும் வாந்தியும் இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. குறிப்பாக, இப்படி அடைப்பு உள்ளவருக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது ஆபத்தானது. கீழே அழுத்தம் குறைந்து, மேலே இருப்பது கீழ்நோக்கிப் பிதுங்கிவிடலாம். எனவே ரிப்போர்ட்டில் கொலாய்டு சிஸ்ட் என்று இருந்தால், வேறு எந்தக் காரணத்துக்காக எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தலையாட்டும் குழந்தை

அதிகம் பேருக்கு இருப்பது அரக்னாய்டு சிஸ்ட். மூளையை மூடிய மூன்று சவ்வுகளில் நடுவில் உள்ளது அரக்னாய்டு. அதன் மடிப்புகளுக்குள் தண்டுவட நீரைப் போன்ற தெளிந்த நீர் சேர்ந்து உருவாவது இது. வயது வந்தவர்களில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும். ஆண்களிடம் அதிகம், இடது பக்கம் அதிகம், காதுக்கு முன்னால் உள்ள மண்டையோட்டின் நடுக்குழியில் அதிகம். இவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சிஸ்ட் வளர்வதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில வயதுகளிலேயே வளர்ந்துவிடுகிறது. அதனால்தான் கைக்குழந்தைக்குத் தெரியும் சிஸ்டை நெருக்கமாகக் கவனிக்கிறார்கள், நாற்பது வயதுக்காரருக்குத் தெரியும் சிஸ்டை அவ்வளவு பொருட்படுத்துவதில்லை.

ஆனால் இதே அரக்னாய்டு சிஸ்ட் மூளையின் நடு அடிப்பகுதியில், பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே வந்தால் கதை வேறு. மேல்நோக்கி வளர்ந்து மூன்றாம் அறையை நிறைத்துவிடும். அப்போது சில குழந்தைகளிடம் தோன்றும் ஒரு அறிகுறியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தை. உட்கார்ந்திருக்கிறது. தலை முன்னும் பின்னும், ‘ஆமாம் ஆமாம்’ என்பதுபோல ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவை. முகத்தில் எந்த வேதனையும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பொம்மையைக் காட்டி ‘இதைப் பிடி’ என்றால், கவனம் அதில் போகும் அந்தச் சில நொடிகள் தலை நின்றுவிடுகிறது. கவனம் விலகியதும் மறுபடி ஆட்டம். தூங்கும்போது சுத்தமாக இல்லை. சொன்னால் நிறுத்துகிறது என்பதால் வீட்டில் உள்ளவர்கள் ‘பழக்கம்’ என்றோ ‘குறும்பு’ என்றோ விட்டுவிடுகிறார்கள். குழந்தையைத் திட்டி அடக்கப் பார்ப்பவர்களும் உண்டு.

பெண்டன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1966-ல் இதை விவரித்தார்கள். ஸ்பிரிங் கழுத்து வைத்த தலையாட்டிப் பொம்மையின் பெயரையே ஆங்கிலத்தில் இதற்கு வைத்தார்கள். மூன்றாம் அறை விரிந்து அதையொட்டிய பகுதிகளை அழுத்துவதால் இது வருகிறது என்று கருதப்படுகிறது. மருந்தால் தீராது. சிஸ்டின் சுவரில் எண்டோஸ்கோப் மூலம் வழி திறந்து நீர் போக விட்டால் பலருக்கு ஆட்டம் குறைகிறது, சிலருக்கு முழுவதும் நிற்கிறது. சீக்கிரம் செய்தால் பலன் அதிகம். இதே இடத்துச் சிஸ்ட் வேறு சில வடிவங்களிலும் தலைகாட்டும்: தலை வயதுக்கு மீறிப் பெரிதாவது, பார்வை மங்குவது, ஆறேழு வயதிலேயே பருவமடையும் மாற்றங்கள் தெரிவது. மூன்றையும் மூன்று வேறு நிபுணர்களிடம் காட்டி, ஒருவரும் ஸ்கேன் கேட்காமல் போவதற்கு வாய்ப்பு இருக்கிறது. பெற்றோர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது.

நடுக்குழியில் உள்ள சாதாரண அரக்னாய்டு சிஸ்டுக்கும் ஒரு வேண்டாத குணம் உண்டு. பதினேழு வயதுப் பையனுக்குப் பந்து தலையில் பட்டது. அப்போதைக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி தொடங்கி நாளுக்கு நாள் ஏறுகிறது. ஸ்கேனில் மூளைக்கு வெளியே பழைய ரத்தம் தேங்கியிருக்கிறது. இது எழுபது வயதுக்காரர்களுக்கு வரும் பிரச்சினை. இளம் வயதில் இப்படி வந்தால், பக்கத்தில் அரக்னாய்டு சிஸ்ட் இருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடுவார்கள். சிஸ்டின் சுவரைத் தாண்டிச் செல்லும் மெல்லிய சிரைகள் சிறு அடியிலும் கிழிந்துவிடுகின்றன. அதற்காக இந்த சிஸ்ட் இருப்பவர்கள் எல்லாரும் விளையாட்டை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சிஸ்ட் பெரிதாக இருந்து, தலையில் மோதல் நிறைய உள்ள விளையாட்டானால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். அடிபட்ட பிறகு வாரக்கணக்கில் தலைவலி இருந்தால் மட்டும் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும்.

முத்துப் போல ஒரு கட்டி, பல் மருத்துவரிடம் ஒரு அலைச்சல்

எபிடெர்மாய்டு சிஸ்டைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர்கள் அதன் அழகைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று, பளபளவென்று இருக்கும். பிரெஞ்சு மருத்துவர் குருவேய்யே 1829-லேயே முத்துக் கட்டி என்று பெயர் வைத்துவிட்டார். கருவில் உள்ளே மாட்டிய தோல் திசுதான் இதன் சுவர். நம் வெளித்தோல் எப்படிச் செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறதோ, அதே வேகத்தில் இதுவும் உதிர்க்கிறது. வெளியே போக வழி இல்லாததால் அவை உள்ளேயே சேர்கின்றன. இருபது முப்பது ஆண்டு ஆன பிறகுதான் இடம் போதாமல் தொல்லை தொடங்கும்.

இது அதிகம் தங்குவது சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே உள்ள மூலையில். முகத்துக்கும் காதுக்கும் போகும் நரம்புகள் அந்த வழியாகத்தான் போகின்றன. கட்டி நரம்புகளைத் தள்ளுவதைவிட, அவற்றைச் சுற்றிலும் இடைவெளிகளில் ஊர்ந்து நிறைவதுதான் அதிகம். முகத்தின் உணர்வு நரம்பு சிக்கிக்கொண்டால் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா வரும். பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, காற்று படும்போதுகூட, கன்னத்தில் ஷாக் அடித்தாற்போல வலி. சில நொடிதான், ஆனால் துடித்துப்போவார்கள். பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்பவர்கள் உண்டு. இந்த வலி பொதுவாக ஐம்பது வயதுக்கு மேல் வருவது. இளம் வயதில் வந்தால், முகம் மரத்தும் போயிருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்காமல் வெறும் மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. முகத்தின் ஒரு பாதி தானாகத் துடிப்பது, ஒரு காது மட்டும் மெல்ல மந்தமாவது, தலைசுற்றல் ஆகியவையும் இதே இடத்துக் கட்டியால் வரலாம்.

இன்னொரு அரிய வடிவம்: திரும்பத் திரும்ப வரும் மூளைக்காய்ச்சல். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கடும் தலைவலி எல்லாம் இருக்கும். ஆனால் தண்டுவட நீரில் கிருமி எதுவும் வளராது. சில நாளில் தானே சரியாகும். சில மாதம் கழித்து மறுபடி வரும். 1944-ல் மோலாரே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இந்த நோய்க்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணம். ஆனால் சிலரிடம் எபிடெர்மாய்டு சிஸ்டில் இருந்து கசியும் கொழுப்பும் கெரட்டின் என்ற தோல் புரதமும் மூளைச் சவ்வை எரிச்சலூட்டி இதைச் செய்கின்றன.

இதன் நெருங்கிய உறவு டெர்மாய்டு சிஸ்ட். தோலோடு முடி வேர்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சேர்ந்தே மாட்டிக்கொண்டால் அது டெர்மாய்டு. பெரும்பாலும் தலையின் நடுக்கோட்டில் இருக்கும். உள்ளே நிஜமாகவே முடி இருக்கும். இது வெடித்தால் கொழுப்புத் துளிகள் தண்டுவட நீரில் சிதறி, எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் மடிப்புகளெங்கும் வெண்புள்ளிகளாகத் தெரியும். அதுவரை தெரியாமல் இருந்தவருக்குத் திடீர் தலைவலியோ வலிப்போதான் முதல் அறிகுறி. குழந்தையின் பின்னந்தலையில் நடுக்கோட்டில் ஒரு சின்னக் குழியும் அதில் ஓரிரு முடியும் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே உள்ள டெர்மாய்டுக்கு அது வழியாக இருந்து, கிருமி நுழைய இடம் தரலாம்.

மற்ற சில

பிட்யூட்டரி சுரப்பியின் நடுவே வரும் ராத்கே சிஸ்ட், பிரேதப் பரிசோதனைகளில் பத்துப் பேருக்கு ஒருவரிடமாவது தென்படும் அளவுக்குச் சாதாரணம். மிகச் சிலருக்கு மட்டும் அது பெரிதாகிப் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தும். நேராக இருப்பது தெரியும், இரு ஓரங்களும் தெரியாது. கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வது, பக்கவாட்டில் வருபவரைக் கவனிக்காமல் மோதுவது என்றுதான் தொடங்கும். கண்ணாடி மாற்றிப் பார்ப்பார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது, பால் சுரப்பது, யாருக்கானாலும் தீராத சோர்வு, அடங்காத தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும் இதன் வேறு முகங்கள்.

மூளையின் நடுவே உள்ள பீனியல் என்ற சிறு சுரப்பியில் வரும் சிஸ்டும் சாதாரணம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இல்லை. அபூர்வமாகப் பெரிதானால் கண்ணை மேல்நோக்கி உயர்த்த முடியாமல் போகும். கர்ப்பகால ஸ்கேனில் சிசுவின் மூளையில், தண்டுவட நீரைச் சுரக்கும் திசுவில் தெரியும் கோராய்டு ப்ளெக்ஸஸ் சிஸ்ட், வேறு குறை எதுவும் தெரியாதபோது, பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு அதனால் பாதிப்பு இல்லை. வேறு குறைகளும் சேர்ந்து தெரிந்தால்தான் குரோமோசோம் பரிசோதனை பற்றிப் பேசுவார்கள்.

நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் உருவாகும் சிஸ்டும் உண்டு. அது தொற்றுநோய். மருந்து, சிகிச்சை எல்லாமே வேறு. பெயரில் சிஸ்ட் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிஸ்ட்தான் காரணமா?

இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தலைவலி இல்லாத மனிதர்கள் குறைவு. அரக்னாய்டு சிஸ்ட் உள்ளவர்களும் குறைவில்லை. இரண்டும் ஒருவரிடமே இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. மன உளைச்சல், மனப்பிறழ்வு போன்றவற்றோடு டெம்போரல் பகுதி சிஸ்ட் இருந்ததாகப் பல பதிவுகள் உள்ளன. ஆனால் சிஸ்டால்தான் அது வந்தது என்று நிறுவுவது கடினம். சிஸ்டை எடுத்தும் மனநிலை மாறாதவர்கள் உண்டு. பொருத்தம் பார்க்க வேண்டும்: இடது பக்கச் சிஸ்டால் வலிப்பு வருகிறது என்றால் உடலின் வலது பக்கம்தான் இழுக்க வேண்டும். வலிப்பின்போது மூளையின் மின் பதிவு எங்கே தாறுமாறாகிறது என்று ஈ.ஈ.ஜி.யில் பார்க்கலாம், அது சிஸ்டுக்கு வெகு தொலைவில் இருந்தால், வலிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும். பொருத்தம் இல்லாத இடத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சை, தலைவலியைத் தீர்க்காது. அதன் சிக்கல்களை மட்டும் கொண்டுவரும்.

வகையைப் பிரித்துச் சொல்ல எம்.ஆர்.ஐ. நன்றாக உதவுகிறது. அரக்னாய்டு சிஸ்டும் எபிடெர்மாய்டு சிஸ்டும் சாதாரணப் படத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். நீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுதந்திரமாக அசைகின்றன என்பதை அளக்கும் டிஃப்யூஷன் என்ற படத்தில் விஷயம் வெளிவந்துவிடும்: அரக்னாய்டு கறுப்பாக இருக்கும், எபிடெர்மாய்டு பளீரென்று வெளுத்திருக்கும். கொலாய்டு சிஸ்ட் சி.டி. ஸ்கேனிலேயே பெரும்பாலும் வெண்மையாகத் தெரிந்துவிடும். சுவர் தடித்து, சாயம் ஏற்றினால் ஒளிர்ந்து, உள்ளே கெட்டியான முடிச்சு ஒன்று இருந்தால் இது நாம் பேசும் வகையாக இல்லாமல் இருக்கலாம். அப்போது அடுத்த கட்டப் பரிசோதனை தேவை.

ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போகும்போது, சிஸ்ட் எத்தனை மில்லிமீட்டர், எந்த அறையை அல்லது நரம்பை ஒட்டியிருக்கிறது, நீர்ப்பாதை அடைபட்டிருக்கிறதா, பழைய படத்தோடு ஒப்பிட்டால் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ இருந்தால் படத்தையே எடுத்துப் போங்கள், வெறும் ரிப்போர்ட் போதாது. பத்து ஆண்டாக அதே அளவில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

என்ன செய்வார்கள்?

பல நேரங்களில் ஒன்றும் செய்யாமல் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பதே சிகிச்சை. இதை அலட்சியம் என்று நினைத்து வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லாமல் மண்டையைத் திறக்காமல் இருப்பதும் நல்ல மருத்துவம்தான்.

அறுவை வேண்டிய இடத்தில் முறை சிஸ்டைப் பொறுத்து மாறும். அரக்னாய்டு சிஸ்டில் சுவரில் சின்ன வழி திறந்து, நீரைப் பக்கத்து இடைவெளிகளில் கலக்க விடுவார்கள். முடியாத இடத்தில் வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். பிறகு எடுக்கும் ஸ்கேனில் சிஸ்ட் அப்படியே இருப்பதுபோலத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். அறிகுறி குறைந்ததா என்பதுதான் அளவுகோல். கொலாய்டு சிஸ்டை நெற்றிக்கு மேல் சிறு துளை போட்டு எண்டோஸ்கோப் வழியாகவோ, மைக்ரோஸ்கோப் துணையோடு மண்டையைத் திறந்தோ எடுப்பார்கள். ஃபோர்னிக்ஸ் அருகிலேயே இருப்பதால் சிலருக்குச் சில காலம் மறதி இருக்கலாம். ராத்கே சிஸ்டுக்கு மூக்கு வழியாகவே போய்விடலாம். எபிடெர்மாய்டில்தான் சிரமம்: அதன் தோல் நரம்புகளோடும் ரத்தக்குழாய்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். முழுவதும் உரித்தெடுக்கப் பார்த்தால் நரம்பு போய்விடும் என்பதால், அனுபவமுள்ள அறுவை மருத்துவர் ஒட்டிய பகுதியைக் கொஞ்சம் விட்டுவைப்பார். அது மறுபடி வளர ஆண்டுகள் ஆகும். தொடர்ந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டால் போதும்.

கொலாய்டோ, அரக்னாய்டோ, எபிடெர்மாய்டோ, எதையும் மாத்திரையோ லேகியமோ பத்தியமோ கரைக்காது. கரைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதை நம்பி மாதங்களை வீணாக்காதீர்கள். வலிப்புக்கும் வலிக்கும் மாத்திரை உண்டு, சிஸ்டுக்குக் கிடையாது.

எப்போது உடனே போக வேண்டும்? வாழ்நாளில் வராத அளவு தலைவலி நொடியில் வந்தால். தலைவலியோடு வாந்தி வந்து ஆள் மந்தமாகிக்கொண்டே போனால். பார்வை இரட்டையாகத் தெரிந்தால். முதல் முறையாக வலிப்பு வந்தால். கைக்குழந்தையானால் உச்சிக்குழி புடைத்திருப்பது, தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுவது, கருவிழி கீழே இறங்கி மேலே வெண்விழி தெரிவது. நரம்பு அறுவை மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போவது நல்லது. கையில் பழைய ஸ்கேன் படமும், வலி எப்போது, எந்த நிலையில், எவ்வளவு நேரம் வந்தது என்ற குறிப்பும் இருந்தால், அவசரப் பிரிவில் இருப்பவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.